சென்னை மெட்ரோவில் முதல் தடவை ஏறப்போகும் திருகோணமலைக்காரருக்கு

எங்கள் ஊரில் இருந்து சென்னைக்கு யார் போவதென்றாலும், ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ கலியாணச் சேலை எடுக்கவோ, புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டி ஒரு கேள்வி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "பிளேனால இறங்கின பிறகு எப்படிப் போறது?" அம்மாவின் இரண்டு கண்களுக்கும் சத்திரசிகிச்சை செய்ய நானும் அவவும் மூன்று தடவை போய்வந்தோம். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கடதாசியில் கோடு கீறிக் காட்டிக் காட்டி, சரி, இனி முழுவதையும் எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் பயணத்தில் நாங்கள் மெட்ரோ பக்கமே போகவில்லை. பயம்தான் காரணம். ஓட்டோவிலேயே திரிந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டதும் வெளியூர் என்று பிடித்துக்கொண்ட ஒரு ஓட்டோக்காரர், கண்ணில் கட்டோடு இருந்த அம்மாவை வைத்துக்கொண்டு வெயிலில் ஒரே மேம்பாலத்தை இரண்டு தடவை சுற்றினார். அன்று இரவு, நாங்கள் தங்கிய இடத்தில் கூட்டித் துடைக்கும் அக்கா சொன்னார்: "ஏன்மா ஆட்டோவுக்குக் கொட்டுறீங்க? மெட்ரோல போனா முப்பது ரூபாதான். போர்டு எல்லாம் தமிழ்லதான் இருக்கு." அந்தக் கடைசி வசனம்தான் என்னை ஏற வைத்தது. பெயர்ப்பலகை தமிழில், அறிவிப்பு தமிழில், கவுண்டரில் இருப்பவர் பேசுவது தமிழில். வெளிநாடு ஒன்றில் நோயாளியோடு நிற்கும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன துணை வேண்டும்?

எது மெட்ரோ, எது இல்லை

சென்னையில் மூன்று விதமான நகர ரயில்கள் ஓடுகின்றன. மெட்ரோவுக்கு நிலையம் வேறு, டிக்கெட் வேறு. புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒன்று, புறநகர் மின்சார ரயில். கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு 1931இலேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் மிக மலிவு, சனமும் அதிகம். இரண்டாவது, கடற்கரையில் இருந்து வேளச்சேரிக்குப் பெரும்பாலும் மேம்பாலத்தின் மேலே போகும் ரயில். அதைப் பறக்கும் ரயில் என்பார்கள். அதன் முதல் பகுதி 1995இல் வந்தது. மூன்றாவதுதான் மெட்ரோ. 2015இல் வந்தது. குளிரூட்டிய நான்கு பெட்டிகள், தானாகத் திறந்து மூடும் கதவுகள். "ரயில்வே ஸ்டேஷன் எங்கே?" என்று கேட்டால் முதல் இரண்டில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். ஆகவே "மெட்ரோ ஸ்டேஷன்" என்று முழுதாகக் கேளுங்கள்.

இன்னொன்று. நாங்கள் கோச்சி என்று சொன்னால் அங்கே யாருக்கும் விளங்காது. கேரளத்து நகரத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். அங்கேயும் ஒரு மெட்ரோ ஓடுகிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ரயில் என்றே சொல்லுங்கள். ரிக்கட்டை டிக்கெட் என்று சொல்லுங்கள்.

இரண்டு கோடுகள், இரண்டு சந்திப்புகள்

வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது நீங்கள் பழக வேண்டியது இரண்டே வழித்தடங்கள்: நீலம், பச்சை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 54 கிலோமீற்றர், 41 நிலையங்கள்.

ஒரு வெற்றிலையை நிமிர்த்திப் பிடித்ததாக நினையுங்கள். மேல் நுனி சென்ட்ரல், கீழ்க் காம்பு ஆலந்தூர். வலது ஓரத்தால் இறங்குவது நீலம். அண்ணா சாலை வழியாக அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, கிண்டி என்று ஆலந்தூருக்கு வரும். இடது ஓரத்தால் வளைந்து இறங்குவது பச்சை. எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் என்று அதே ஆலந்தூருக்கு வரும். நீலம் அத்தோடு நிற்காமல் மேலே வடக்கில் விம்கோ நகர் பணிமனை வரைக்கும், கீழே தெற்கில் விமான நிலையம் வரைக்கும் நீளும். பச்சை ஆலந்தூரைத் தாண்டி ஒரே ஒரு நிலையம் போய் பரங்கிமலையில் முடியும்.

கோடு மாற வேண்டுமென்றால் சென்ட்ரலில் அல்லது ஆலந்தூரில்தான் மாறலாம். மாறும்போது வெளியே வரத் தேவையில்லை, வேறு டிக்கெட்டும் தேவையில்லை. ஆலந்தூரில் இரண்டு கோடுகளும் மேம்பாலத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. சென்ட்ரலில் இரண்டும் தரைக்குக் கீழே. பலகையில் சென்ட்ரல் என்று மட்டும் இராமல் புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் என்ற நீளமான பெயர் இருக்கும். ஆலந்தூருக்கு முன்னால் அறிஞர் அண்ணா என்றிருக்கும். கோயம்பேடு பஸ் நிலையத்து மெட்ரோவுக்குப் புரட்சித்தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா பெயர். கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும்.

விமான நிலையத்தில் இருந்து தொடங்குவோம்

கட்டுநாயக்காவில் ஏறினாலும் பலாலியில் ஏறினாலும் இறங்குவது மீனம்பாக்கம் விமான நிலையத்தில்தான். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிவரை ஓடும். நடுச்சாமத்தில் இறங்குகிறவர்கள் அதை முதலே கணக்கில் எடுங்கள். வயதானவர்களோடு அந்த நேரம் இறங்கினால், விமான நிலையத்துக்குள் இருக்கும் கவுண்டரில் முன்பணம் கட்டி டாக்சி எடுப்பது நல்லது. விடிய 3 மணி, 4 மணிக்கு இறங்கினால் அங்கேயே இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு முதல் ரயிலைப் பிடிக்கலாம்.

வெளியே வருவதற்கு முன் கொஞ்சம் இந்தியக் காசு மாற்றுங்கள். மாற்றும்போதே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கேட்டு வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கவுண்டரில் சில்லறைக்குத் தடுமாறுவார்கள். அங்கே எல்லோரும் கைத்தொலைபேசி மூலம்தான் காசு கட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் மெட்ரோ டிக்கெட் எடுக்கலாம், ஆனால் அதற்குக் காசு போவது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கில் இருந்து. எங்களுக்குக் கவுண்டரும் கைக்காசும்தான் சுகம். முன்கூட்டியே காசு போட்டுவைத்துக் கேட்டில் காட்டும் சிங்காரச் சென்னை அட்டை என்று ஒன்று உண்டு. மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அது நல்லது, ஒவ்வொரு பயணத்திலும் கழிவும் கிடைக்கும். ஒரு கிழமைக்குப் போகிறவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம்.

மெட்ரோ என்று போட்ட பலகைகளைப் பின்தொடர்ந்து நடந்தால் நிலையம் வந்துவிடும். நடை கொஞ்சம் நீளம்தான். சில்லுப் பூட்டிய பெட்டி கொண்டுபோனவர்களுக்குச் சிரமம் இல்லை. உரப்பையில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தோள் நோகும்.

உள்ளே நுழைந்ததும் பாதுகாப்புச் சோதனை. பொதிகள் எல்லாம் இயந்திரத்துக்குள் போய் வரும், உங்களையும் தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குத் தனித் தடுப்பு உண்டு. மருந்துப் பையும் ஸ்கேன் படங்களும் உள்ளே போவதில் ஒன்றும் பழுதில்லை.

பிறகு கவுண்டர். இறங்கும் நிலையத்தின் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொன்னால் போதும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது: இரண்டு கிலோமீற்றருக்குள் 10 ரூபாய், ஐந்துக்குள் 20, பன்னிரண்டுக்குள் 30, இருபத்தொன்றுக்குள் 40, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 50. 2021 பெப்ரவரியில் குறைத்த கட்டணம் இது. அதற்கு முன் உச்சக் கட்டணம் 70 ரூபாயாக இருந்தது.

தருவது ஒரு மெல்லிய கடதாசி. அதில் கறுப்புக் கட்டமாகக் கியூஆர் இருக்கும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று காட்டினோமே, அதே மாதிரிக் கட்டம்தான். அதை மடிக்காதீர்கள், வியர்வைக் கையில் கசக்காதீர்கள். கேட்டில் கண்ணாடி போட்ட ஒரு சிறிய இடம் இருக்கும். கட்டம் கீழே பார்க்கும்படி அதன்மேல் பிடித்தால் தடுப்பு விலகும். முக்கியமான விஷயம்: வெளியே போகும்போதும் இதே கடதாசியைக் காட்டினால்தான் கேட் திறக்கும். எங்கள் ஊர் பஸ் ரிக்கட் போல ஏறியதும் எறிந்துவிட்டால் இறங்குமிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆரம்பத்தில் நான் அம்மாவின் ரிக்கட்டையும் என்னுடையதையும் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொண்டேன். ஒருவருக்கு ஒரு ரிக்கட். ஒன்றைக் காட்டி இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது.

பிளாட்பாரத்திலும் பெட்டியிலும்

பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையில் அடுத்த ரயில் எங்கே போகிறது, எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஓடிக்கொண்டிருக்கும். விமான நிலையத்தில் இருந்து புறப்படும்போது திசையைப் பற்றிக் கவலை இல்லை, அது கடைசி நிலையம். நடுவில் ஏறும்போதுதான் கவனம் வேண்டும். நீலத்தில் வடக்கே போவது விம்கோ நகர், தெற்கே போவது விமான நிலையம். பச்சையில் ஒரு நுனி சென்ட்ரல், மறு நுனி பரங்கிமலை. நீங்கள் இறங்கும் இடம் எந்த நுனிப் பக்கம் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் அரை நிமிடம் அளவில்தான் நிற்கும். கல் ஓயாச் சந்தியில் இறங்கி வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறிய பழக்கம் இங்கே சரிவராது. எங்கள் கோச்சியில் கதவடியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம், புறப்பட்ட பிறகு ஓடிப்போயும் தொற்றலாம். இங்கே மணிச்சத்தம் கேட்டுக் கதவு மூடத் தொடங்கிவிட்டால் பேசாமல் விட்டுவிடுங்கள். பகலில் பத்து நிமிடத்துக்குள் அடுத்தது வந்துவிடும்.

இதைப் படித்துத்தான் பழகினேன் என்றில்லை. இரண்டாவது பயணத்தில் வடபழனியில் அறை. ஆலந்தூரில் நீலத்தில் இருந்து பச்சைக்கு மாற வேண்டும். நான் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிட்டேன். அம்மாவுக்கு மற்றக் கண் இன்னும் மங்கல். இடைவெளியைக் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து வந்தவ, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். ரயில் போய்விட்டது. நெஞ்சு அடைத்து அப்படியே நின்றேன். அங்கே நின்ற காவலாளியிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. கையிலிருந்த கருவியில் அடுத்த நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, "அடுத்த வண்டியில கிண்டி போங்கம்மா" என்றார். கிண்டியில் அம்மா ஒரு கல்லூரிப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி வாங்கிலில் இருந்தா. "நீ வருவாய் எண்டு தெரியும். அந்தப் பிள்ளைதான் என்னை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு நிக்குது" என்றா.

ஆகவே குடும்பமாகப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால், ரயிலுக்குள் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அந்தப் பிளாட்பாரத்திலேயே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் அடுத்த ரயிலில் போய்ச் சேர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரைத் தேடி ஒருவர் ஓடினால் நாள் முழுக்கத் தேடுவார்கள். இறங்கும்போது வயதானவரும் பிள்ளைகளும் முதலில், பொதியோடு இருப்பவர் கடைசியில். நான் செய்ததற்கு நேர்மாறு. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அவரவர் ரிக்கட்டும், போன் இலக்கம் எழுதிய துண்டும் இருக்கட்டும். அன்று அம்மாவின் ரிக்கட் என்னிடம்தான் இருந்தது. நான் போய்ச் சேராவிட்டால் அவவால் கேட்டைத் தாண்டியிருக்க முடியாது. கடவுச்சீட்டு உறை வழக்கத்தை அன்றே விட்டேன்.

பெட்டிக்குள் சாப்பாடு, குடிவகை எதற்கும் இடமில்லை. கதவோரம் இருக்கும் இருக்கைகள் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். கேட்டால் எழும்பித் தருவார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியும் உண்டு. மாலை நெரிசலில் தனியாகப் போகிற பெண்களுக்கு அது நல்ல ஆறுதல். அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒவ்வொரு முறையும் தமிழில் சொல்வார்கள். அதைக் கேட்டு முன்கூட்டியே அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

நகரும் படிக்கட்டில் அம்மாமார் சேலையைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும், ரப்பர்ச் செருப்பு ஓரத்தில் முட்டக் கூடாது. பயமாக இருந்தால் லிப்ட் இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. இறங்கிய பிறகு அவசரப்பட்டு ஏதோ ஒரு வாசலால் வெளியேறாதீர்கள். நிலத்தடி நிலையங்களில் பல வாசல்கள் இருக்கும், பிழையான வாசலால் ஏறினால் அண்ணா சாலையின் மறுகரையில் நிற்பீர்கள். அந்தச் சாலையைக் கடப்பது எங்கள் பஸ் நிலையத்தடியில் றோட்டைக் கடப்பதுபோல் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வாசல் விபரம் எழுதிய பலகை இருக்கும், அல்லது கவுண்டரில் கேளுங்கள்.

இந்தத் தண்டவாளம் வந்த கதை

ஏறுவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் எனக்குச் சொல்ல ஆசை, அதுவும் எழும்பூர் வழியாகப் போகும்போதெல்லாம் வரும் ஆசை.

எங்கள் அப்பப்பா காலத்தில் இலங்கையில் இருந்து சென்னைக்குப் போக வானூர்தி தேவைப்படவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது முதல், தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கினால் அங்கே நிற்கும் போட் மெயில் என்ற ரயில் எழும்பூரில் கொண்டுபோய் விடும். திருகோணமலைக்கு ரயில் 1927இல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஏறிய ஒருவர், நடுவே ஒரு கடலை மட்டும் கப்பலில் தாண்டி, எழும்பூர் வரை ரயிலிலேயே போயிருக்கலாம். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியைத் தரைமட்டமாக்கியது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து 1980கள் வரை கப்பல் ஓடியது, போரோடு அதுவும் போயிற்று. எழும்பூர் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் அந்தப் பழைய சிவப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அப்பப்பா இறங்கிய இடம் அது. ஐந்து நிமிடமாவது அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

மெட்ரோவுக்காகச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இந்திய அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் சரிபாதிப் பங்கு. 2009இல் வேலை தொடங்கியது. கடனில் பெரும்பகுதி ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா (JICA) கொடுத்தது. அதே ஜைக்கா கொழும்புக் கோட்டையில் இருந்து மாலபேக்கு இலகு ரயில் போடவும் கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்தை 2020இல் எங்கள் அரசு கைவிட்டது. சென்னையில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது உறுத்துகிறது. மாலபே பஸ்ஸில் நெரிபட்டு நிற்கும் பிள்ளைகள் இன்று இப்படிப் போயிருப்பார்கள்.

முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டில் இருந்து ஆலந்தூருக்கு ஓடியது. ஏழு நிலையங்கள், பத்துக் கிலோமீற்றர், முழுவதும் மேம்பாலம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் விமான நிலையம் சேர்ந்தது. நிலத்துக்கு அடியில் முதன்முதலாக 2017 மே மாதம், திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் நடுவே. நிலத்தடி வேலை லேசில் முடியவில்லை. சென்னையின் மண் ஓரிடத்தில் களி, ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் கடும் பாறை. இயந்திரம் ஒரே வேகத்தில் துளைத்துக்கொண்டு போக முடியாது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையின் நடுவே நிலம் உள்வாங்கி ஒரு மாநகர பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. கீழே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நல்லகாலம், உயிர் ஒன்றும் போகவில்லை. 2018 மே மாதம் சென்ட்ரலும், 2019 பெப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரையான அண்ணா சாலைப் பகுதியும் திறந்தன. வடசென்னை நெடுநாள் காத்திருந்தது. விம்கோ நகர் வரை 2021 பெப்ரவரியில்தான் போனது.

எப்படி ஓடுகிறது

மெட்ரோவின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீற்றர். எங்கள் கோச்சியினதும் சென்னைப் புறநகர் ரயிலினதும் அகலம் 1,676. அதனால் ஒன்றின் பாதையில் மற்றது ஓட முடியாது. நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கட்டணமும் வாசலும் தனித்தனியாக இருப்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ற் மின்சாரம். உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். நான்கு பெட்டியில் நெருங்கி நின்றால் 1,276 பேர் போகலாம் என்று கணக்கு.

முன்னால் ஓட்டுநர் இருக்கிறார். ஆனால் இரண்டு ரயில்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், எங்கே வேகம் குறைய வேண்டும் என்பதைத் தானியங்கி முறை பார்த்துக்கொள்கிறது. கோயம்பேட்டில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் எல்லா ரயில்களும் திரையில் தெரியும். நிலத்தடி நிலையங்களில் பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிச் சுவர் இருப்பதைப் பார்ப்பீர்கள். ரயிலின் கதவும் சுவரின் கதவும் நேருக்கு நேர் வந்த பிறகே இரண்டும் திறக்கும். யாரும் தண்டவாளத்தில் விழ முடியாது, குளிர்காற்றும் வீணாகாது. பிள்ளைகளோடு காத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மேம்பால நிலையங்களில் அந்தச் சுவர் இல்லை. அங்கே மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கே இறங்குவது

கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் விளக்கு. அங்கிருந்து ஓட்டோ எடுத்தாலும் சிறு தொகைதான். அரசு பொது மருத்துவமனைக்கு சென்ட்ரல், கிட்டத்தட்ட வாசலிலேயே. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அதே பெயரில் நிலையம். வடபழனி முருகன் கோயிலுக்கும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கும் வடபழனி. மண்ணடியில் தங்கும் கிண்ணியா, மூதூர் வியாபாரிகளுக்கு மண்ணடி நிலையம், பாரிமுனைக்கு உயர் நீதிமன்றம். துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போகலாம்.

தி.நகருக்கு மெட்ரோவில் நேரே போக நினைத்தால் தேனாம்பேட்டையிலோ நந்தனத்திலோ இறங்கி ஓட்டோ எடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு: கிண்டி மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே புறநகர் ரயில். சைதாப்பேட்டைக்கு அடுத்தது மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு. கூட்டத்தில் கைப்பை கவனம்.

கோயிலுக்கென்று போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் மயிலாப்பூருக்கு ஓடுகிறார்கள், அதுவும் சரிதான். அதற்கு மெட்ரோ இன்னும் இல்லை, பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்குங்கள். ஆனால் திருவொற்றியூரை விடாதீர்கள். எங்கள் கோணேசரைப் பாடிய சம்பந்தர் அங்கேயும் பாடியிருக்கிறார். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம். நீலக் கோட்டில் திருவொற்றியூர் தேரடி என்று ஒரு நிலையமே இருக்கிறது. வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றபோது அம்மா கோணேசர் பதிகத்தைத்தான் முணுமுணுத்தா. இரண்டு இடத்திலும் கடல் கூப்பிடு தூரத்தில்.

பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறக்கூடிய இடம் கோயம்பேடு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் போகும் பஸ்கள் முன்பு அங்கிருந்துதான் புறப்பட்டன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இல்லை. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் புறநகர் நிலையத்தில் ஏறி வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அங்கிருந்து போகலாம், அல்லது மாநகர பஸ்.

இரண்டாம் கட்டமாக மூன்று புதிய வழித்தடங்கள், 118.9 கிலோமீற்றர், கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவற்றில் ஓட்டுநரே இல்லாமல் ஓடும் ரயில்கள் வரும். கலங்கரை விளக்கத்தில் இருந்து மயிலாப்பூர், தி.நகர் பனகல் பூங்கா, வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி போகும் தடம்தான் எங்கள் ஆட்களுக்கு மிக உதவும். வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் உறவினர் இருக்கும் குடும்பங்கள் எத்தனை! ஆகவே போய் இறங்கியதும் நிலையத்துச் சுவரில் இருக்கும் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். நான் சொன்ன வெற்றிலைக்கு மேலே புதிய நரம்புகள் ஓடியிருக்கலாம்.

திரும்பி வரும் நாளில், விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால், சென்ட்ரலில் இருந்து மெட்ரோ பயணத்துக்கு முக்கால் மணி, பொதியோடு நடக்கவும் சோதனைக்கும் இன்னொரு அரை மணி வையுங்கள். அலுவலகம் விடும் மாலை நேரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். பச்சைக் கோட்டில் வருகிறவர்கள் ஆலந்தூரில் மாற மறக்க வேண்டாம். தூங்கிப்போனால் பரங்கிமலையில் கொண்டுபோய் விடும். அப்படியானாலும் பயமில்லை, மறுபக்கம் ஏறினால் அடுத்த நிலையம் ஆலந்தூர்தான்.